பள்ளி இணையதளம் யாருக்காக?

கடந்த 2025 மே மாதத்தின் ஒரு பிற்பகலில், திருச்சுழியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் பெண்மணி ஒருவர் கைப்பேசியுடன் வீட்டுக்கு வந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் நூற்பாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். கணவர் வெளியூரில். இளைய மகள் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு அவளை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, காலையில் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் மஞ்சள் வேனுக்குரிய தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்பது அவருடைய கேள்வி. “ஐயா, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட்ல எல்லாம் போட்டிருக்காங்களாம். பீஸ் எவ்வளவுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

பார்த்தேன். முகப்பில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆண்டு விழா, குத்துவிளக்கு, பொன்னாடை, மாறுவேடமிட்ட குழந்தைகள். நிறுவனரின் செய்தி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் இருந்தது. ‘கட்டணம்’ என்ற சொல்லைத் தொட்டால் ‘விரைவில்’ என்று வந்தது. ‘ஆசிரியர்கள்’ என்ற பகுதியில் முதல்வரின் படம் மட்டும் இருந்தது. ‘அண்மைச் செய்திகள்’ என்பதன் கீழ் இருந்த கடைசிச் செய்திக்கு மூன்று வயது. அந்தப் பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய நான், ஒரு தாய் கேட்ட மிக எளிய கேள்விக்கு விடை தேடித் தோற்றுப்போனேன்.

அந்தப் பள்ளியை மட்டும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பொழுது போகாத ஓய்வுபெற்றவனாக, அடுத்த சில வாரங்களில் இன்னும் பல பள்ளிகளின் தளங்களைப் புரட்டிப் பார்த்தேன். சில அழகாக இருந்தன. சில மிக அழகாக இருந்தன. பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொன்னவை மிகச் சில. பெரும்பாலான பள்ளி இணையதளங்கள் பெற்றோருக்காக அமைக்கப்பட்டவை அல்ல. பள்ளி தன்னைத் தானே பார்த்து மகிழ்வதற்காக மாட்டிவைத்த நிலைக்கண்ணாடிகள் அவை.

அறியாமையின் விலை

இது ஒரு சிறிய அசௌகரியம்தானே, இதற்கு ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்தப் பெண்மணியின் மூத்த மகளின் கதையைச் சொன்னால் விளங்கும்.

மூத்தவள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாள். நல்ல மதிப்பெண். 2022 ஜூனில், ‘பிளஸ் டூ மட்டுமாவது நல்ல இடத்தில் படிக்கட்டும்’ என்று கடன் வாங்கித் தனியார் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தார் தாய். மகள் தேறினாள், கல்லூரியிலும் சேர்ந்தாள். உடன் படிக்கும் தோழியர் பலருக்கு மாதந்தோறும் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. இவளுக்கு வரவில்லை. காரணம், ‘புதுமைப் பெண்’ திட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவியருக்கென வகுக்கப்பட்டது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. தனியார் பள்ளியில் படித்த கடைசி இரண்டு ஆண்டுகள் இவளுடைய தகுதியைப் பறித்துவிட்டன. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இழப்பு ரூ.36,000. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கான தகுதியும் அதே நாளில், அந்த மாற்றுச் சான்றிதழுடனேயே போய்விட்டது.

2022 மார்ச் நிதிநிலை அறிக்கையிலேயே இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. செய்தித்தாள்களில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது. ஆனால், மாற்றுச் சான்றிதழ் வாங்க அவர் பள்ளியின் வாசலில் நின்ற அந்த ஜூன் மாதக் காலையில், ‘இந்தப் பள்ளியை விட்டுப் போனால் இன்னின்னவற்றை இழப்பீர்கள்’ என்று அவருக்குச் சொல்ல ஒரு பலகையும் இல்லை. ஒரு பக்கமும் இல்லை. எல்லாம் தெரிந்த பின்னும் அவர் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அது அவருடைய உரிமை. தெரியாமல் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இளையவளுக்குக் காத்திருக்கும் கணக்கு இதைவிடப் பெரியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் எழுதப்படும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தெரிவு பெற்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். நான்கு ஆண்டுகளுக்கு ரூ.48,000. கல்லூரிக்கால உதவியையும் கூட்டினால் ரூ.84,000. மானாவாரி நிலத்தில் பருத்தியும் மிளகாயும் குதிரைவாலியும் போட்டு மழையைப் பார்த்திருக்கும் குடும்பத்துக்கு, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு, இது சிறு தொகையா?

பொருளியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தகவல் சமமின்மை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை, பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கல்வி, பழைய காரைவிடச் சிக்கலான பண்டம். கார் ஓடவில்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பள்ளி ஓடவில்லை என்பது தெரிய பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் குழந்தைப் பருவம் முடிந்துவிடும். உண்மையான தரம் தெரியாத இடத்தில் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தரத்தை ஊகிக்கிறார்கள். வேன், ‘டை’, காலணி, ஆங்கிலப் பெயர் ஆகியவை அப்படித்தான் தரத்தின் அடையாளங்களாகின்றன. இதில் பெற்றோரின் அறிவுக்குறைவு எதுவும் இல்லை. வேறு எந்தத் தகவலும் தரப்படாதபோது எவரும் செய்யக்கூடியதுதான் இது.

தகவல் இருக்கிறது, இறங்கி வரவில்லை

விந்தை என்னவென்றால், தகவல் இல்லாமல் இல்லை. நாட்டிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் ‘யுடைஸ்’ என்னும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொண்டு ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் தளத்தில் தேடினால், பள்ளியில் எத்தனை வகுப்பறைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா என்பதெல்லாம் வருகின்றன. மாநில அரசின் ‘எமிஸ்’ எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் மாணவர் வருகை முதல் நலத்திட்டப் பொருள் வழங்கல் வரை பதிவாகின்றன. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை முறைப்படுத்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு குழு இருக்கிறது. அது பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது.

ஆனால், அந்தத் தாய்க்கு யுடைஸ் எண் தெரியாது. தெரிந்தாலும் விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நிர்வாகிகளுக்குரிய தலைப்புகளில் இருக்கின்றன. ஒரு பள்ளியைப் பற்றிய விவரங்களைத் திரட்ட எனக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

எங்கள் பகுதி கண்மாய்களின் பகுதி. குண்டாற்றில் எப்போதாவது வரும் வெள்ளத்தை வரத்துக்கால் வழியே கண்மாயில் நிறைத்து, மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சுவது இங்குள்ள முறை. கண்மாய் நிறைந்திருந்தும் மடை தூர்ந்து கிடந்தால் வயல் காயும். பள்ளித் தகவலின் நிலை இன்று அதுதான். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆசிரியர்கள் நேரம் செலவிட்டுப் பதிவேற்றும் விவரங்கள் சென்னைக்கும் தில்லிக்கும் போய் நிறைகின்றன. ஊருக்கு இறங்கி வரும் மடைதான் அடைபட்டிருக்கிறது. திரட்டுவதற்கான செலவு முழுவதும் செய்தாகிவிட்டது. பெற்றோருக்குத் தருவதற்கான கூடுதல் செலவு மிகச் சொற்பம். ஏறக்குறையச் செலவே இல்லாமல் கிடைக்கக்கூடிய ஒரு பொதுப் பண்டத்தை நாம் பூட்டி வைத்திருக்கிறோம்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் நான்காவது பிரிவு, யாரும் விண்ணப்பிக்காமலேயே அரசு அமைப்புகள் தாமாக முன்வந்து தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியையும், செலவையும், அந்தப் பகுதியில் மிகப் பயனளிக்கும் தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. தகவல் பரப்புவது என்றால் அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் அனைத்தும் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. சிபிஎஸ்இ தன் பள்ளிகள் கட்டணம், ஆசிரியர் விவரம், கட்டடப் பாதுகாப்புச் சான்று, தேர்வு முடிவு ஆகியவற்றைத் தங்கள் தளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும் என்று பணித்திருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் அத்தகைய ஒரே சீரான கட்டாயம் வேண்டும்.

தகவல் தந்தால் என்ன நடக்கும்?

இதற்கு ஊகம் தேவையில்லை, சான்றுகள் இருக்கின்றன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களில் தாஹிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், அசிம் க்வாஜா ஆகிய பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவற்றில் பாதிக் கிராமங்களில், ஊரிலுள்ள எல்லாப் பள்ளிகளின் கற்றல் நிலையும் ஒவ்வொரு குழந்தையின் நிலையும் எளிய அட்டை ஒன்றில் பெற்றோருக்குத் தரப்பட்டன. 2017இல் வெளியான முடிவுகளின்படி, அந்தக் கிராமங்களில் குழந்தைகளின் கற்றல் மேம்பட்டது. தனியார் பள்ளிக் கட்டணம் 17 விழுக்காடு குறைந்தது. தொடக்கப் பள்ளிச் சேர்க்கை 4.5 விழுக்காடு உயர்ந்தது. புதிய கட்டடமோ கூடுதல் ஆசிரியரோ இல்லை; தந்தது ஓர் அட்டை மட்டுமே. அந்த அட்டை இணையத்தில் வைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெற்றோரை அழைத்து, கையில் கொடுத்து, விளக்கிச் சொன்னார்கள்.

உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென மத்திய அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதைச் செய்தித்தாள்களில் வெளியிடத் தொடங்கிய பின், சென்றடையும் பங்கு பெருமளவு உயர்ந்தது. இதில் பிற நிர்வாகச் சீர்திருத்தங்களின் பங்கும் உண்டு என்று சில ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள், அது நியாயமே. ஆயினும் எவ்வளவு வரவேண்டும் என்பதே தெரியாதவர், வரவில்லை என்று கேட்க முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வில், கிராமக் கல்விக் குழுவின் அதிகாரங்களைப் பற்றி ஊர்க்கூட்டம் போட்டு விளக்கியும் பள்ளிகளில் மாற்றம் ஏற்படவில்லை. ஆனால், ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வாசிப்பு முகாம் நடத்தச் செய்தபோது, கலந்துகொண்ட குழந்தைகளின் வாசிப்புத் திறன் கூடியது. இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. பொதுவான தகவல் பயன் தருவதில்லை. தன் குழந்தையைப் பற்றியதாகவும், உரிய நேரத்தில் வருவதாகவும், அதை வைத்து ஏதாவது செய்யக்கூடியதாகவும் இருக்கும் தகவலே பயன் தருகிறது.

பெற்றோர் எங்கே இருக்கிறார்கள்?

நல்ல தளம் அமைத்துவிட்டால் பெற்றோர் தேடி வருவார்கள் என்பது இன்னொரு மயக்கம். அமெரிக்காவில் பெற்றோருக்கென அமைக்கப்பட்ட பள்ளித் தளங்களை ஆராய்ந்த பீட்டர் பெர்க்மன், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்தான் பெற்றோர் அவற்றைக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டார். அவரே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பிள்ளை எந்த வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை என்பதைப் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியபோது மாணவர்களின் உழைப்பும் மதிப்பெண்ணும் கூடின. பெற்றோரைத் தளத்துக்கு அழைப்பதைவிடத் தளம் பெற்றோரைத் தேடிப் போவதே மேல்.

நம் ஊரில் இது இன்னும் பொருந்தும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு. இப்போது அது கூடியிருக்கும். ஆனாலும் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களின் நடைமுறை என்ன? நல்ல கைப்பேசி திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் தந்தையின் சட்டைப்பையில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவர் தாய். அவர் நூறு நாள் வேலைக்கோ ஆலைக்கோ போனால் பாட்டி. பாட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம். ஆனால், வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியை அவர் தவறாமல் கேட்கிறார்.

எனவே, வடிவம் பற்றிச் சில எளிய விதிகள் தேவை. முதலாவது, தமிழில் இருக்க வேண்டும். சுற்றறிக்கைத் தமிழில் அல்லாமல் பேசினால் புரியும் தமிழில். இரண்டாவது, சுற்றறிக்கையைப் படம் பிடித்துப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் இன்றைய கைப்பேசிகள் அதை உரக்கப் படித்துக் காட்டும். படமாக இருந்தால் அந்த வழி அடைபடும். மூன்றாவது, வாரம் ஒரு முறை தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ ஒரு நிமிடக் குரல் செய்தி அனுப்ப வேண்டும். நான்காவது, இணையப் பக்கத்தில் உள்ளதே பள்ளி வாசல் பலகையிலும் நியாயவிலைக் கடைச் சுவரிலும் இருக்க வேண்டும்.

என்னென்ன இருக்க வேண்டும்?

நான் அந்தப் பெண்மணியிடமும், பின்னர் அவர் அழைத்து வந்த வேறு சில தாய்மாரிடமும், “பள்ளியைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஒருவரும் நிறுவனர் செய்தியைக் கேட்கவில்லை. கேட்டவற்றை வரிசைப்படுத்தினால் ஏழு வருகின்றன.

ஒன்று, இந்த வாரம் என்ன: விடுமுறை, தேர்வு, கூட்டம், பேருந்து அல்லது வேன் நேரம். தொடர்ந்து வரவழைப்பது இதுதான். மழை நாளில் ‘இன்று பள்ளி உண்டா’ என்ற ஒரு கேள்விக்கு உடனே நம்பகமான விடை தரும் பக்கத்தைப் பெற்றோர் பின்னர் மற்றவற்றுக்கும் நம்புவார்கள்.

இரண்டு, மொத்தச் செலவு: கல்விக் கட்டணத்தோடு வேன், சீருடை, புத்தகம், சிறப்பு வகுப்பு அனைத்தும் சேர்ந்த ஆண்டுத் தொகை, குழு நிர்ணயித்த கட்டணத்துடன். அரசுப் பள்ளியாயின், எவையெல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன என்ற பட்டியல்.

மூன்று, உரிமைகளும் கடைசி நாள்களும்: உதவித்தொகைத் தேர்வுகள், சான்றிதழ்கள், தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படியான 25 விழுக்காடு இடங்கள். எந்த வகுப்பில் பள்ளி மாறினால் எந்தத் தகுதி போகும் என்பது தடித்த எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்கு, ஆசிரியர்கள்: பாடவாரியாக எத்தனை பணியிடங்கள், எத்தனை நிரம்பியுள்ளன. கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதைப் பொதுத்தேர்வு முடிவில் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

ஐந்து, பாதுகாப்பு: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகி மாண்டனர். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளையும் அவை முடியும் நாளையும் பெற்றோர் கண்ணில் படும்படி வைப்பது அந்தக் குழந்தைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

ஆறு, பணமும் தீர்மானங்களும்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ரூ.10,000 முதல் ரூ.1,00,000 வரை ஆண்டு மானியம் பள்ளிகளுக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, பள்ளி மேலாண்மைக் குழு என்ன தீர்மானித்தது, எது நிறைவேறியது என்பவை.

ஏழு, யாரிடம் சொல்வது: வகுப்பாசிரியரைச் சந்திக்கும் நேரம், குழுத் தலைவர் யார், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்.

பட்டியலில் மதிப்பெண் தரவரிசை இல்லை என்பதைக் கவனிக்கலாம். பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது. அது சரியான முடிவு. அதைப் பள்ளித் தளத்தில் பின்வாசல் வழியே கொண்டுவரக் கூடாது. குழந்தைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் ஊரறிய வெளியிடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. ஒரு குழந்தையின் கற்றல் நிலை அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு மட்டும் உரியது. பள்ளியின் நிலைதான் ஊருக்கு உரியது.

இத்தனைக்கும் மேலாக, பெற்றோர் விரும்பிப் பார்க்கவும் ஏதாவது வேண்டாமா என்றால், வேண்டும். கேரளம் 2009இல் தொடங்கிய ‘ஸ்கூல் விக்கி’ ஒரு நல்ல முன்னுதாரணம். ஏறத்தாழ 15,000 பள்ளிகளின் வரலாறும் ஊர்ச் செய்திகளும் மாணவர் ஆக்கங்களும் அதில் மலையாளத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத என்ன குறைவு? குண்டாறும் பூமிநாதர் கோயிலும் இருக்கின்றன. ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீடு இருக்கிறது. ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் இருக்கின்றன. தன் பேத்தி எழுதிய கதையை அவளே வாசிக்கும் குரலில் கேட்கும் பாட்டி அடுத்த வாரமும் கேட்பார். விளக்கேற்று விழாப் படங்களால் அவரை இழுக்க முடியாது.

யார் செய்வது?

ஆசிரியர்களிடமிருந்து எழும் மறுப்பு நியாயமானது. எமிஸ் பதிவுகளால் கற்பிக்கும் நேரம் போகிறது என்று அவர்கள் நெடுங்காலமாகக் குறை கூறி வருகிறார்கள். இன்னொரு பதிவேட்டை அவர்கள் தலையில் ஏற்றினால் இந்த முயற்சி முதல் மாதமே சாகும். ஆகவே, ஏழில் பெரும்பகுதியை மாநில அரசே தன்னிடம் உள்ள தரவிலிருந்து தானாக உருவாக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரே அமைப்பில் ஒரு தமிழ்ப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னால் வர வேண்டும், எண் கேட்கக் கூடாது. பள்ளி செய்ய வேண்டியது வாராந்தரச் செய்தி ஒன்றே.

அதிலும் துணைக்கு ஆள் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்களில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். கல்லூரி முடித்துவிட்டு ஊரில் இருக்கும் ஓர் இளைஞர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தகவல் பரவினால் அரசுப் பள்ளியின் குறைகள் அம்பலமாகிப் பெற்றோர் இன்னும் வெளியேறுவார்களே என்ற அச்சமும் உண்டு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன என்றார்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. குறையை மறைத்து வைத்ததால் வெளியேற்றம் நின்றதா? மறைவு, குரலை மட்டுமே அடைத்தது. கணித ஆசிரியர் இல்லை என்று தெரிந்தால் குழுவில் தீர்மானம் போடலாம். தெரியாதவர் வேனைத்தான் பார்ப்பார்.

இது நமக்குப் புதிதுமன்று. இதே விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராக இருந்த 1950களின் பிற்பகுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்னென்ன இல்லை என்பதை ஊரார் முன் பட்டியலிட்டார்கள். கரும்பலகை, நாற்காலி, கூரை, சீருடை என்று ஊரார் அவரவர்க்கு இயன்றதை ஏற்றார்கள். குறையைச் சொன்னதால் பள்ளியின் மானம் போகவில்லை. பள்ளி ஊரின் சொத்தாயிற்று. பெற்றோருக்குப் பயன்படும் இணையப் பக்கம் என்று நான் கேட்பது, அந்த மாநாட்டை வாரந்தோறும் கைப்பேசியில் நடத்துவதைத்தான்.

அந்தப் பெண்மணிக்கு அன்று விடை சொல்ல முடியவில்லை என்றேன். மறுநாள் இரு பள்ளிகளுக்கும் நேரில் போய்க் கேட்டு, கிடைத்த விவரங்களை ஒரு தாளில் இரண்டு பத்தியாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கட்டணம், வேன், ஆசிரியர், உதவித்தொகை, இழக்கும் தகுதி. அவர் அதை மடித்து எடுத்துச் சென்றார். மகளை எங்கே சேர்த்தார் என்பது அவருடைய வீட்டு விஷயம். இங்கே எழுதத் தேவையில்லை. ஒரு வாரத்துக்குள் அந்தத் தாளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, பக்கத்துக் கிராமங்களிலிருந்து நான்கைந்து தாய்மார் அதே போன்ற தாள் கேட்டு வந்தார்கள்.

ஒரு கிழவனின் கையெழுத்துக்கு இவ்வளவு தேவை இருக்குமானால், அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குவதற்கு முன், குறைந்தது ஒரு வட்டாரத்திலாவது இதைச் செய்து பார்க்கட்டும். பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற 2018இல் தொடங்கப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டில் விருதுநகரும் ஒன்று. தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.